செவர்லே சி10: கம்பெனி டாக்கோமீட்டர் தேடுவதற்கு முன்

வணக்கம் நண்பரே. உங்கள் 1972 சி10 பிக்கப் வண்டிக்குக் கம்பெனியிலேயே டாக்கோமீட்டர் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர்) வந்ததா, இப்போது எங்கே தேடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கையுறைப் பெட்டி மூடியின் உள்பக்கம் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வண்டியோடு வந்த ஆப்ஷன்கள் குறியீடாக இருக்கும். சி60 என்றால் ஏசி, யு16 என்றால் டாக்கோமீட்டர். அதிலுள்ள வண்டி எண்ணும் டிரைவர் கதவுச் சட்டத்துத் தகட்டு எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். மூடியை எந்த வண்டியிலிருந்தும் கழற்றி மாட்டலாமே!

தேடும்போது பிக்கப்போடு நிற்காதீர்கள். அதே காலத்து செவர்லே வண்டிகளான பிளேசர், சபர்பன் இரண்டிலும் இதே டேஷ்போர்டுதான். விற்பவரிடம் பின்பக்கப் படமும் கேளுங்கள். டாக்கோமீட்டர் உள்ள வகையில் பெட்ரோல் முள் சின்ன வட்டத்துக்குப் போய்விடும். அதனால் பின்னால் உள்ள பிரிண்டட் சர்க்யூட் தாளும் வேறு. அது கிழிந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

அப்புறம், எத்தனை சிலிண்டருக்கானது என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். டாக்கோமீட்டர் எஞ்சினின் பற்றவைப்புப் பொறிகளை வைத்துத்தான் சுற்றைக் கணக்கிடும்; ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு 3 பொறி, வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினில் 4. ஆறுக்கானதை வி8இல் மாட்டினால் 1500 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு 2000 காட்டும்.

ஸ்டிக்கரே இல்லையென்றால் டேஷ்போர்டு வயரிங்கைப் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.