ஆர்எக்ஸ் 100 வண்டியில் பெட்ரோல் அதிகமாகி ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைத் துடைத்துப் போட்டாலும் இரண்டு உதையில் திரும்ப நனைகிறது. என்ன செய்யலாம்?

இந்நேரம் உதைச்சு உதைச்சுக் கால் வலியோட உக்காந்திருப்பீங்க. யாராவது சொல்லி, பெட்ரோலைக் கூட்டிக் குடுக்கிற சோக்கையும் இழுத்து வெச்சிருப்பீங்க. முதல்ல அதை எடுத்துவிடுங்க. பெட்ரோல் டேப்பை மூடுங்க, சாவியை ஆஃப் பண்ணுங்க. எஞ்சின் சூடா இருந்தா ஆறட்டும். அதுக்குள்ள இதைப் படிச்சிடலாம்.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்த பதில்கள்ல பாதி "பிளக்கைத் துடைங்க"ன்னு சொல்லுது. மீதி "பழைய வண்டியை வித்துட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்க"ன்னு சொல்லுது. நீங்கதான் துடைச்சுப் பாத்தாச்சு, திரும்ப நனையுதுன்னு தெளிவா எழுதியிருக்கீங்களே! அந்த ஒரு வரிக்காகத்தான் நான் எழுத உக்காந்தேன்.

ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் வண்டி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குப் போறதில்லை. பெட்ரோலையும் காத்தையும் கலக்கிற கார்பரேட்டர்ல இருந்து, ஒருவழிக் கதவு மாதிரி இருக்கிற ரீட் வால்வ் வழியா, முதல்ல பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற கிராங்க் கேஸ்ங்கற அறைக்குள்ள போகும். பிஸ்டன் இறங்கும்போது அங்க அழுத்தம் கூடி, டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியா மேல ஏறும். பெட்ரோல் அதிகமாச்சுன்னா அது தேங்கி நிக்கிறது கீழ, கிராங்க் கேஸ்ல. ஒவ்வொரு உதைக்கும் அந்தத் தேங்கினதுதான் மேல வந்து பிளக்கை நனைக்குது. அதை வெளியேத்தாம பிளக்கை மட்டும் துடைக்கிறது, கூரை ஒழுகறப்போ தரையைத் துடைக்கிற கதைதான். ஃபோர் ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸ்ல இருக்கிறது எஞ்சின் ஆயில். பெட்ரோல் அந்த வழியா வர்றதே இல்லை. அதனால அந்த வண்டி ஓட்டறவங்க சொல்ற வைத்தியம் நமக்குப் பாதிதான் வேலை செய்யும்.

நான் மெக்கானிக் இல்லை, அதை முதல்லயே சொல்லிடறேன். "ஒர்க் ஷாப் வெச்சிருக்கீங்களா"ன்னு கமெண்ட்ல கேக்க வேண்டாம். எங்கப்பா இரும்பாலைக்கு ஷிஃப்ட் போய்ட்டு வந்த வண்டி இது. அவர் கையால கழட்டி மாட்டினதைப் பக்கத்துல உக்காந்து பாத்து வளந்தவன் நான். இப்பவும் சேலத்துல தினம் இதைத்தான் ஓட்டறேன்.

போன வருஷம் கோடை விழா சமயத்துல குடும்பத்தோட ஏற்காடு போயிருந்தோம். திரும்பறப்போ என் மச்சினன் "மாமா, நான் ஓட்டறேன்"னு வண்டியைக் கேட்டான். சென்னையில வளந்த பையன், டூ ஸ்ட்ரோக் சத்தம்னா உயிர். சரின்னு குடுத்துட்டு நானும் வீட்டுக்காரம்மாவும் ஸ்கூட்டர்ல பின்னாடி வந்தோம். அந்த மலைப்பாதையில மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி இறங்கினதும் பாத்தா ஒரு வளைவு ஓரமா வண்டி நிக்குது, இவன் வேர்த்து விறுவிறுத்து உதைச்சுக்கிட்டு இருக்கான். சுத்தி நாலு பேர்.

நடந்தது இதுதான். பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம்னு சாவியை ஆஃப் பண்ணிட்டு, கியரை எடுக்காம அப்படியே இறங்கியிருக்கான். கியர்ல இருந்தா சக்கரம் எஞ்சினைச் சுத்திக்கிட்டேதான் இருக்கும். எஞ்சின் சுத்தினா கார்பரேட்டர்ல இருக்கிற சின்ன ஜெட், அதாவது சின்னத் துளை வழியா பெட்ரோலை உறிஞ்சும். எரிக்கத் தீப்பொறி கிடையாது. அத்தனையும் கிராங்க் கேஸ்லயும் சைலன்சர்லயும் போய்ச் சேரும். நடுவுல சாவியைப் போட்டதும் சைலன்சர்ல டமார்னு வெடிச்சிருக்கு. பயந்துபோய் நிறுத்திட்டான். அதுக்கப்புறம் சோக்கை இழுத்து உதைச்சிருக்கான். ஏற்கெனவே முங்கிக் கிடக்கிற எஞ்சினுக்கு இன்னும் பெட்ரோல்!

மலைக்கு இன்னொரு குணமும் உண்டு. சேலம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேல போகப் போக காத்து மெலிஞ்சுடும். சேலத்துல கிடைக்கிறதைவிடப் பத்துல ஒரு பங்குக்கு மேல குறையும். கார்பரேட்டருக்கு அது தெரியாது, கீழ குடுத்த அளவுக்கே பெட்ரோலைக் குடுத்துக்கிட்டு இருக்கும். அதனால மலையில நம்ம வண்டி எப்பவுமே கொஞ்சம் அதிகமாத்தான் குடிக்கும். நல்லா ஓடற வண்டியும் அங்க சீக்கிரம் முங்கிடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அந்த நாலு பேர். ஒரு வேன் டிரைவர் அண்ணன் "வண்டியை ஒரு பக்கமா சாய்ங்க தம்பி"ங்கறார். பழைய பஜாஜ் ஸ்கூட்டரைச் சாய்ச்சு ஸ்டார்ட் பண்ணுவாங்களே, அந்தப் பழக்கம். சாய்ச்சா பெட்ரோல் இன்னும் உள்ள போகும். வராத பெட்ரோலை வரவழைக்கத்தான் அது உதவும், நம்ம பிரச்சினைக்கு நேர் எதிர். அவர் நல்ல மனசோடதான் சொன்னார்.

இன்னொரு பையன் அதுக்குள்ள பிளக்கைக் கழட்டி, கேப்புல மாட்டி, எஞ்சின் ஹெட்டு மேல வெச்சு, "சாவி போடுங்கண்ணா, தீப்பொறி வருதான்னு பாப்போம்"னு கிக்கர் மேல கால் வெச்சுட்டான். ஓடிப்போய்த் தடுத்தேன். கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன், அதுல எனக்கு வருத்தமில்லை. முங்கின எஞ்சினைப் பிளக் இல்லாம உதைச்சா அந்த ஓட்டை வழியா பெட்ரோல் புகையாப் பீச்சி அடிக்கும். பக்கத்துலயே தீப்பொறி. கார்பரேட்டரும் டேங்கும் ஒரு முழத்துக்குள்ள. தீப்பிடிக்க வேற என்ன வேணும்? தீப்பொறி பாக்கணும்னா எஞ்சினைச் சுத்தமாக் காலி பண்ணி, பீச்சினது காஞ்சப்புறம், பிளக்கை ஓட்டையில இருந்து தள்ளி வெச்சுப் பாருங்க.

நான் செஞ்சதைச் சொல்றேன், நீங்களும் அதையே செய்யுங்க. டேப் மூடி, சோக் எடுத்து, சாவி ஆஃப். 21 சைஸ் பிளக் ஸ்பேனரால பிளக்கைக் கழட்டிக் கேப்பைத் தள்ளி வெச்சேன். ஆக்சிலேட்டரை முழுசாத் திருகிப் பிடிச்சுக்கிட்டு மெதுவா, முழு வீச்சுல, திரும்பத் திரும்ப உதைக்கணும். முகத்தை ஓட்டைக்கு நேரா வெக்காதீங்க, பீடி சிகரெட் யாரும் பக்கத்துல வரக்கூடாது. முதல்ல ஈரமாத் தெறிக்கும். அப்புறம் வெறும் பனி மாதிரி வரும். கடைசியில காத்து மட்டும் வரும். அதுவரைக்கும் விடக்கூடாது. எங்களுக்கு இறக்கம் இருந்துச்சு, அதனால வண்டி வராத நேரம் பாத்து மூணாவது கியர்ல போட்டுக் கொஞ்ச தூரம் உருட்டினேன். புஸ் புஸ்ஸுன்னு இருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு. சமதரைன்னா ஒருத்தர் தள்ளினாப் போதும்.

அப்புறம்தான் பிளக். கையில புதுசு ஒண்ணு எப்பவும் இருக்கும், அதையே போட்டுட்டேன். இல்லைன்னா நல்லாத் துணியால துடைச்சு, வண்டியை விட்டுத் தள்ளிப் போய் லைட்டர்ல சூடு காட்டி, ஆறவெச்சு மாட்டலாம். டேப் இன்னும் மூடினபடியே இருக்கட்டும். ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல திறந்து வெச்சு உதைங்க. "டேப்பை மூடினா எப்படிடா ஸ்டார்ட் ஆகும்"னு கேக்கப் போறவங்களுக்கு: கார்பரேட்டருக்கு அடியில பெட்ரோல் நிக்கிற ஃப்ளோட் கிண்ணத்துல இருக்கிறதே ஸ்டார்ட் ஆக தாராளம். பிடிச்சதும் டேப்பைத் திறங்க. வெள்ளைப் புகை தெருவையே மறைக்கும், பயப்படாதீங்க. சைலன்சர்ல தேங்கின ஆயில் எரியுது, கொஞ்ச தூரம் ஓட்டினா அடங்கிடும். கிக்கர் பாதியிலயே இறுகி நின்னுட்டா மட்டும் ஏறி மிதிக்காதீங்க. பிஸ்டனுக்கு மேலயே பெட்ரோல் நிக்குதுன்னு அர்த்தம், பிளக்கைக் கழட்டாம மிதிச்சா கனெக்டிங் ராடுக்கு ஆபத்து.

இதெல்லாம் நடக்கறப்போ ஒரு கார் வந்து நின்னுது. உதவத்தான் வர்றார்னு நினைச்சேன். கண்ணாடியை இறக்கி, "வண்டியைக் குடுக்கறீங்களா, என்ன ரேட்டு?"ன்னு கேட்டார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனா சொல்லாம இருக்க முடியலை. சிக்னல்ல நின்னாலும் இதே, மளிகைக் கடை வாசல்லயும் இதே. ஒருத்தர் வீட்டுக்கே வந்து எங்கம்மாகிட்ட கேட்டிருக்கார், அப்பா போட்டோவுக்கு மாலை போட்ட கூடத்துல நின்னுக்கிட்டு. 1985ல இந்தியாவுல வந்து 1996ல நின்னுபோன வண்டி, கிடைக்கிறது கஷ்டம்னு எனக்கும் தெரியும். ஆனா வாங்கறவங்க என்ன பண்றாங்க? டேங்கைத் தனியா விக்கறாங்க, சைலன்சரை அறுத்துப் போட்டு ஊரைக் கிழிக்கிற சத்தம் வெக்கறாங்க, நாலு வீடியோ எடுத்துட்டு மூலையில போட்டுடறாங்க. தினம் ஓட்டி, தினம் துடைச்சு வெச்சிருக்கிறவன்கிட்ட நடுரோட்டுல விலை கேக்காதீங்க. விக்கணும்னா நாங்களே போர்டு மாட்டுவோம்.

உங்க வண்டிக்கு வருவோம். நீங்க மலையில இல்லை, வீட்டுலயே முங்குதுன்னா காரணம் வேற. ராத்திரி டேப்பை மூடாம விடறீங்களா? டேங்குத் துரு ஒரு துணுக்கு வந்து, கிண்ணம் நிறைஞ்சதும் பெட்ரோலை அடைக்கிற ஃப்ளோட் ஊசியில உக்காந்தாப் போதும், பெட்ரோல் நிக்காம இறங்கும். கார்பரேட்டருக்கு அடியில ஓவர்ஃப்ளோ பைப் இருக்கு பாருங்க, அதை ஊதிப் பாருங்க. என் பெரியப்பா பையன் வண்டியில குளவி மண் வெச்சு அந்தப் பைப்பை அடைச்சிருந்தது. வெளிய சொட்ட வேண்டியது உள்ள போய்க்கிட்டு இருந்தது, மூணு மெக்கானிக் பாத்தும் கண்டுபிடிக்கலை. டேப்பை மூடினப்புறமும் சொட்டுதுன்னா டேப்புக்குள்ள இருக்கிற ரப்பரை மாத்துங்க; இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பருக்கு அது ஆகறதில்லை. சோக் முழுசா இறங்கி மூடுதான்னும் பாருங்க. புது கார்பரேட்டர் வாங்கச் சொன்னா, இதெல்லாம் பாத்தப்புறம் யோசிங்க.

நீங்க ஏற்காட்டுலயே, நாகலூர் பக்கமோ மஞ்சக்குட்டை பக்கமோ இருக்கறவர்னா, கார்பரேட்டர் ஊசியில இருக்கிற கிளிப்பை ஒரு பள்ளம் மேல ஏத்தி மாட்டச் சொல்லுங்க. ஊசி இறங்கி பெட்ரோல் கொஞ்சம் குறையும், மலைக் காத்துக்குச் சரியா இருக்கும். ஆனா அந்த செட்டிங்கோட சேலம் வெயில்ல நெடுஞ்சாலையில முறுக்காதீங்க. கீழ காத்து அடர்த்தி, பெட்ரோல் பத்தாமப் போய் பிஸ்டன் பிடிச்சுக்கும். இறங்கி ஓட்டற வேலை அடிக்கடி இருந்தா கிளிப்பைத் தொடவே வேண்டாம், டேப்பை மட்டும் மறக்காம மூடுங்க.