எட்டாம் வகுப்புப் பையன் கதவைச் சாத்திக்கொள்கிறான், கைரேகை டெஸ்ட்டை நம்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. ஐந்தாவது வரை ஊரிலேயே தமிழ் வழியில் படித்தான். ஆறாவதில் டவுனில் இங்கிலீஷ் மீடியம் சேர்த்தோம். ஆறேழு மாதமாக வீட்டில் பேச்சே இல்லை. எது கேட்டாலும் "ம்", "தெரியல". அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. சாயங்காலம் கூட்டாளிகளோடு சைக்கிளில் சுற்றும்போது மட்டும் சிரிக்கிறான். பள்ளியில் கேம்ப் போட்டு, 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கைரேகை எடுத்து ஓர் அறிக்கை தந்தார்கள். அதில் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ் 38 சதவீதம்' என்று, அதாவது உணர்ச்சிகளைக் கையாளும் திறன் அவ்வளவுதான் என்று இருக்கிறது. 24,000 ரூபாய் பயிற்சியில் சேர்த்தால் சரியாகிவிடுமாம். சேர்க்கலாமா?
- ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: சேர்க்காதீர்கள். 4,500 போனது போகட்டும், 24,000-ஐயாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பையனைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் எழுதியதில் எனக்கு நிம்மதி தந்த வரி அந்த சைக்கிள்தான். கூட்டாளிகளோடு சிரிக்கிற பையனுக்குப் பேச்சு வற்றிப்போகவில்லை. பேசுகிற ஆளைத்தான் மாற்றியிருக்கிறான். பதின்மூன்று வயதில் இது நடக்க வேண்டியதுதான். கோபமும் கூச்சமும் கிளம்பும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் மும்முரமாக வேலை செய்யும். 'கொஞ்சம் பொறு' என்று அடக்கும் நெற்றிப் பக்கத்துப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். அதனால் சின்ன விஷயத்துக்குக் கத்துவான், அரை மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் தோசை கேட்பான். காதுகுத்துக்கு வராததும் திமிர் இல்லை. குரல் உடைந்து, முகத்தில் பரு கிளம்பியிருக்கும் பையனை நாற்பது சொந்தக்காரர்கள் வளைத்துக்கொண்டு "என்னடா, மீசை முளைச்சிருச்சா, எத்தனையாவது ரேங்க்?" என்று கேட்டால் அவன் எங்கே போவான்?

எதிரே உட்காரவைத்து "சொல்லு, உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஒண்ணுமில்ல" தவிர வேறு பதில் வராது. வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப் போங்கள், வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்காமல் இருக்கும்போதுதான் இந்த வயதுப் பையன்களுக்கு வாய் திறக்கும். சொன்னதை அன்று ராத்திரியே சித்தியிடம் போனில் ஒப்பிக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

இப்போது அந்த அறிக்கை. விரல் ரேகை, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஆறாம் மாதத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் சாகும்வரை மாறாது, அதனால்தான் போலீஸ் அதை நம்புகிறது. ஆனால் உங்கள் மகன் ஆறு மாதத்துக்கு முன்னால் வரை கலகலவென்று பேசியிருக்கிறான். அப்போதும் இதே ரேகைதானே? மாறாத ஒன்றை வைத்து, மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு எப்படி சதவீதம் போடுவார்கள்? கேம்ப்காரர்கள் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னர் பெயரைச் சொல்லி மிரட்டுவார்கள். 1983-இல் அவர் சொன்ன பலவகை அறிவுத்திறன் கோட்பாட்டில் கைரேகைக்கு இடமே இல்லை. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது என்று சொல்லிவிட்டது. சொல்லி என்ன? கேம்ப் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்படி ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கைகள் இரண்டு, ஒரே பள்ளியிலிருந்து, ஒருமுறை என் மேஜைக்கு வந்தன. ஒன்று பையனுடையது, இன்னொன்று பெண் பிள்ளையுடையது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினேன். கலர் பட்டைகளின் உயரம்தான் வேறு. கீழே இருந்த பத்தி அச்சு அசலாக ஒன்றே. பெண் பிள்ளையின் அறிக்கையில் 'ஹிஸ் லீடர்ஷிப்' என்பதை 'ஹெர்' என்று மாற்றக்கூட மறந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா டிரைவர், வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டியிருந்தார். இந்த மாதிரி கேம்ப்புக்கு ஹாலைத் திறந்துவிடும் பள்ளி, ஒரு முழுநேர ஆலோசகரை வைக்கச் சொன்னால் மட்டும் பட்ஜெட் இல்லை என்கிறது. பல இடங்களில் கம்ப்யூட்டர் டீச்சருக்கே 'கவுன்சிலர்' என்று கூடுதல் பட்டம் சூட்டிவிடுகிறார்கள். நம் ஊரில் டீக்கடை வைக்க லைசென்ஸ் கேட்பார்கள், 'கவுன்சிலிங் சென்டர்' போர்டு மாட்ட ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம், அவர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (RCI) பதிவு எண் இருக்கும். எண்ணைக் கேட்டதும் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, எல்லாமே வயசுக் கோளாறுதானா? ஒன்றை மட்டும் நீங்கள் சோதித்தே ஆகவேண்டும். தமிழ் வழியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியவன் என்பதால் சொல்கிறேன். வாசிக்க முடியாத பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லமாட்டான். ஐந்தாவது வரை மனப்பாடத்திலும் டீச்சரின் பிரியத்திலும் ஓட்டியிருப்பான். ஏழாவது, எட்டாவதில் பாடம் நீளும், எல்லார் முன்னாலும் எழுந்து வாசிக்கச் சொல்வார்கள். அங்கே பட்ட அவமானம் வீட்டில் கதவு சாத்துவதாகத் தெரியும். நமக்கோ 'பையன் மாறிட்டான்' என்று படும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திட்டாமல், அவன் பார்க்காத ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் ஒன்றை ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இங்கிலீஷில் ஒரு பக்கம். தமிழ் சரளமாக வந்து இங்கிலீஷ் மட்டும் தடுமாறினால் அது மொழி மாற்றத்தின் சுமை, பொறுமையான டியூஷன் போதும். இரண்டிலும் எழுத்தைக் கூட்டிக் கூட்டி, வரியை விட்டு, ஊகித்து வாசித்தால் கற்றல் குறைபாடு இருக்கலாம். அறிவு குறைவு என்று அர்த்தமில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இது சேர்ந்திருக்கிறது. முறையாகச் சோதித்துச் சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாவதுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, இப்போதே பார்ப்பது நல்லது.

இந்தச் சான்றிதழிலும் புரோக்கர் உண்டு. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டு "அஞ்சாயிரம் குடுங்க, பிள்ளையைக் கூட்டி வரவே வேண்டாம்" என்பார்கள். சோதனை செய்யாமல் தரும் காகிதம் தேர்வு நேரத்தில் காலை வாரும். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணமில்லை, அலைச்சல்தான் உண்டு. 'டாக்டர் லீவு', 'வியாழக்கிழமை வாங்க' என்று இரண்டு மூன்று தடவை திருப்பி அனுப்புவார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகும். இருபது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இன்னொன்று. கூட்டாளிகளையும் விட்டுவிட்டான், இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பாடோ தூக்கமோ இல்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். 'செத்துப்போலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் சந்தேகம் வந்தால் உங்கள் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சி, கற்றல் குறைகளைப் பார்க்கும் இடையீட்டுச் சேவை மையத்தை (DEIC) கேளுங்கள். 18 வயது வரை அங்கே பார்ப்பார்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். அவனுடைய பழைய நோட்டுகள் இரண்டு, ஐந்தாம் வகுப்பு நோட்டு இருந்தால் அதுவும், கையோடு எடுத்துப் போங்கள். பிழைகள் உள்ள பக்கத்தைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும், கிழித்துவிடாதீர்கள். அந்த ஸ்பைரல் புத்தகம் வீட்டிலேயே கிடக்கட்டும்.