வீட்டுக் கோழி வளர்ப்பு: புதியவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சேவல் இல்லாமல் பெட்டைக்கோழிகளை மட்டும் வளர்த்தால் அவை முட்டையிடுமா?

பதில்: இடும். குஞ்சு பொரிக்க வேண்டுமானால் மட்டுமே சேவல் தேவை. சேவலோடு இருந்த கோழியை நீங்கள் வாங்கி வந்திருந்தால், விந்து அதன் உடலுக்குள் இரண்டு மூன்று வாரங்கள் வரை உயிரோடு தங்கியிருக்கும் என்பதால், தொடக்கத்தில் இடும் முட்டைகளில் கரு இருக்கலாம்.

கேள்வி: முதலில் ஒரே ஒரு குஞ்சை வாங்கிப் பழகிக்கொண்டு, பிறகு மேலும் சிலவற்றை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோழி கூட்டமாக வாழும் பறவை. தனித்து விடப்பட்ட குஞ்சு ஓயாமல் கத்தும். குறைந்தது மூன்றாக வாங்குங்கள். பின்னர் சேர்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தக் கோழி முதலில் தின்பது, எது எதைக் கொத்தலாம் என்பதில் கோழிகளுக்குள் திட்டமான வரிசை இருப்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே 1921-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். புதிதாக ஒரு கோழி நுழைந்தாலும் அந்த வரிசை குலைந்து, மீண்டும் சண்டையிட்டே நிலைபெறும். ஆகவே புதியவற்றைச் சில வாரங்கள் தொலைவில் வைத்து நோய் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, அதன்பின் கம்பிவலைக்கு அப்பால் ஒன்றையொன்று பார்த்துப் பழகவிட்டுச் சேர்த்துவிடுங்கள். சிறு விரட்டலில் தலையிட வேண்டியதில்லை. இரத்தம் தெரிந்தால் மட்டும் அடிபட்டதை உடனே பிரித்துவிடுங்கள், ஏனெனில் காயத்தைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் கோழிக்குக் கழுத்தில் இறகு கொட்டி, முட்டையும் நின்றுவிட்டது. இது என்ன நோய்?

பதில்: பெரும்பாலும் நோயே அன்று. பகற்பொழுது குறையத் தொடங்கும் பருவத்தில், வளர்ந்த கோழி ஆண்டுக்கொரு முறை பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றை முளைக்கவிடும். இது தலையிலும் கழுத்திலும் தொடங்கி வாலை நோக்கிச் செல்லும். இறகின் பெரும்பகுதி புரதமே என்பதால், முட்டைக்குச் செல்லவேண்டிய சத்து இறகுக்குத் திரும்புகிறது. இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்திருந்து, அதுவரை புரதம் கூடிய தீவனத்தைக் கொடுங்கள். முளைக்கும் இறகுக்குருத்துக்குள் இரத்தம் ஓடுவதால் தொட்டாலே வலிக்கும். எனவே தூக்கிக் கொஞ்சுவதையும் தள்ளிவையுங்கள். மாறாக, கழுத்தில் புது இறகு முளைக்காமல், ஆசனவாயைச் சுற்றி மட்டும் தோல் சிவந்து இறகு உதிர்ந்திருந்தால், அது பேனோ உண்ணியோ என்று பாருங்கள்.

கேள்வி: முட்டை ஓடில்லாமல் தோலோடு வருகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைவா?

பதில்: முதன்முதலாக முட்டையிடும் கோழி ஓரிரு தோல்முட்டை இடுவது இயல்பு. தொடர்ந்து வந்தால் காரணம் தேட வேண்டும். ஓடு முழுவதும் ஏறத்தாழ 20 மணி நேரத்தில் உருவாகிறது. அதற்குரிய சுண்ணாம்பை, நொறுக்கிய கிளிஞ்சலாகத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், தேவைப்படும் கோழி தானே வந்து எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு அதை வைக்காதீர்கள். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் உள்ள மிகுதியான சுண்ணாம்பே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கடும் வெயில் காலத்தில் கிளிஞ்சல் இருந்தும் ஓடு மெலியலாம்: கோழிக்கு வியர்வை இல்லை; வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, ஓடு உருவாவதற்கான மூலப்பொருளும் குறைகிறது. அப்போது நிழலும் குளிர்ந்த நீருமே மருந்து.

கேள்வி: சேவல் இல்லாத என் கோழி முட்டையிடும் பெட்டியை விட்டு எழுவதே இல்லை, கை நீட்டினால் சீறுகிறது.

பதில்: அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. கரு இருந்தால் 21 நாளில் குஞ்சு வரும். உங்கள் வீட்டில் அதற்கு வழியில்லாததால், அது வீணாக உட்கார்ந்து உடல் மெலியும். அடியில் காற்றோடும் கம்பித்தளக் கூண்டில், தீவனமும் நீரும் வைத்து, வைக்கோல் இல்லாமல் மூன்று நான்கு நாட்கள் விட்டால் பெரும்பாலும் அடை தெளிந்துவிடும்.

கேள்வி: மாலை வரை மேய்ந்துகொண்டிருந்த கோழி காலையில் இறந்து கிடந்தது. எப்படி நடந்திருக்கும்?

பதில்: எனக்கு மிகுதியாக வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் அது முந்திய மாலையில்தான் நோயுற்றதாக இருக்காது; அதற்கு முன்பே நோய் இருந்திருக்கும். நலிவைக் காட்டும் பறவை கூட்டத்திலும் கொத்துப்படும், வேட்டை விலங்குக்கும் முதலில் அகப்படும் என்பதால், கோழி முடிந்தவரை நோயை மறைக்கும். எனவே வாரம் ஒருமுறையேனும் கையில் எடுத்து, மார்பெலும்பு கத்தி முனைபோல் துருத்துகிறதா, கொண்டை வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தடியில் உள்ள தீவனப்பை இரவில் நிறைந்தும் காலையில் காலியாகவும் இருக்க வேண்டும். காலையிலும் நிறைந்திருந்தால் அடைப்பு என்று ஐயுறலாம். செவ்வுண்ணி பகலில் விரிசல்களில் ஒளிந்து, இரவில் மட்டும் இரத்தம் குடிக்க வருவதால், கோழி அடையும் கட்டையின் அடிப்பக்கத்தை இருட்டியபின் விளக்கடித்துத்தான் பார்க்க வேண்டும். சுற்றிலும் மற்ற கோழிகளும் அடுத்தடுத்து இறந்தால், உடலைக் கையுறை இல்லாமல் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: குழந்தைகள் குஞ்சுகளை முத்தமிடுகிறார்கள். தடுக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் தடுக்க வேண்டும். நலமாகத் தோன்றும் குஞ்சின் எச்சத்திலும் இறகிலும்கூட சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டு விளையாடட்டும்; பிறகு சோப்பிட்டுக் கை கழுவட்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையின் கையில் மட்டும் குஞ்சைக் கொடுக்காதீர்கள்.