வயல் கோரை வேறு, ஏரிக் கோரை வேறு

கேள்வி: மதுராந்தகம் வட்டத்தில் ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் செய்கிறேன். மூன்று போகமாக வயலில் கோரை தாங்க முடியவில்லை. களை எடுத்த பத்தாம் நாள் மறுபடி நிற்கிறது. ஏரியின் உள்கரை ஓரத்திலும் மதகிலிருந்து வரும் வாய்க்காலிலும் ஆள் உயரக் கோரை மண்டிக் கிடக்கிறது. அங்கிருந்துதான் தண்ணீரோடு விதை வருகிறது என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். மூன்று இடத்திலும் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து ஒரேயடியாக ஒழித்துவிடலாமா? இரண்டு பசு இருக்கின்றன. அந்தக் கோரையை அறுத்துப் போடலாமா?

பதில்: எதைச் செய்தாலும் ஏரி ஓரத்தில் மருந்து அடிக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அங்கே நிற்பதும் உங்கள் வயலில் நிற்பதும் அநேகமாக ஒரே செடி அல்ல. ஏரிக் கோரையை அழித்தாலும் வயல் கோரை அப்படியேதான் இருக்கும்.

நாளைக் காலை வயலில் நிற்கும் கோரையில் ஒன்றை மண்வெட்டியால் அடியோடு பெயர்த்து, வாய்க்கால் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வெறும் சல்லிவேராக, கையோடு வந்துவிட்டால் அது விதையில் முளைக்கும் ஒருபோகக் கோரை. பூங்கொத்து சின்னச் சின்ன உருண்டையாக இருந்தால் வட்டக்கோரை, மஞ்சள் சாயலில் விரிந்து இருந்தால் ஊசிக்கோரை. பெயர் ஊருக்கு ஊர் மாறும், வேரைத்தான் நம்ப வேண்டும். வேரில் கறுப்பான சிறு கிழங்கு தொங்கி, அதிலிருந்து நூல்போல ஓடி அடுத்த கிழங்கு இருந்தால் அது கோரைக்கிழங்கு. முகர்ந்தால் மருந்துக்கடை வாசனை வரும். 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் பயிரைக் கெடுக்கும் களை அது.

ஏரி ஓரத்துச் செடியையும் ஒன்று பிடுங்கிப் பாருங்கள். தடித்த வேர்த்தண்டு சேற்றுக்குள் படுக்கையாக ஓடியிருக்கும். பாய் முடைய முசிறி, கரூர் பக்கம் வயலில் பயிராகவே வளர்க்கிற கோரையும் இப்படிப் பரவுகிற இனம்தான். நிற்கும் தண்ணீரும் சேறும் உங்கள் ஏரிக் கோரைக்கு வேண்டும். நீங்கள் உழுது, நட்டு, காயப்போட்டு, அறுக்கும் வயலில் இது நிலைப்பது கடினம்.

பக்கத்து நிலத்துக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வட்டக்கோரை, ஊசிக்கோரை விதை தண்ணீரில் மிதந்து வரும். ஆனால் அது வருவது வாய்க்கால் வரப்பிலும் உங்கள் வரப்பிலும் பூத்து நிற்கும் செடிகளிலிருந்து. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை விடும், முளைத்து ஒரு மாதத்துக்குள் பூத்துவிடும். அதனால் வரப்பில் நிற்பதைப் பூக்கும் முன் அறுங்கள். உங்கள் வாய்மடையில் ஒரு பழைய கொசுவலைத் துண்டைக் கட்டி, படிவதைத் தினமும் எடுத்துக் கரையில் காயப்போடுங்கள்.

ஏரிக் கோரையை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அந்தத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பஞ்சுபோல, முழுக்கக் காற்றறைகள். சேற்றுக்குள் காற்று கிடையாது, ஆகவே செடி மேலிருந்து தண்டு வழியாகக் காற்றை வேருக்கு இறக்குகிறது. வேரைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். இறங்கிய காற்று வேரிலிருந்து கசிந்து சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கியதன் அடையாளம் அது. காற்றுள்ள அந்த மெல்லிய வளையத்திலும் அதை அடுத்த காற்றில்லாச் சேற்றிலும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் குடியிருந்து, வயல்களிலிருந்து கழுவி வரும் தழைச்சத்தைப் பிரித்துக் காற்றில் விடுகின்றன. கோரை போனால் அந்தச் சத்து தண்ணீரிலேயே தங்கும். பிறகு ஆகாயத்தாமரை வரும், பாசி வரும், ஆள் உயரத்துக்கு வளரும் சம்புப் புல் வரும். சம்பு மண்டிய ஏரியைத் தூர்வாருவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்கே தெரியும்.

அலை வந்து கரையில் மோதும் வேகத்தையும் கோரைதான் குறைக்கிறது. மண்ணைப் பின்னிப் பிடித்திருப்பதும் அதன் வேர்தான். பல வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் பாசன வாய்க்காலின் இரு கரையையும் வழித்துச் சுத்தம் செய்ய யோசனை கேட்டார்கள். பார்க்க அழகாக இருக்கும் என்று நானும் சரி என்றேன். அந்த ஐப்பசி மழையில் கரை இரண்டு இடத்தில் சரிந்து, நட்டுப் பத்து நாளான நாற்று மண்ணுக்குள் போனது. அந்த வயலின் சொந்தக்காரர் என்னிடம் கோபப்படவே இல்லை. சரிந்த மண்ணைக் கையால் அள்ளி அள்ளி நாற்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதிலிருந்து கரையோரக் கோரையை வேரோடு எடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

உங்கள் ஏரிக் கோரைக்குள் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நாமக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் அதற்குள்தான் கூடு வைக்கும். விரால் ஓரத்துச் செடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி முட்டை விட்டு, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். தட்டானும் ஊசித்தட்டானும் தண்ணீருக்குள் புழுவாக வாழ்ந்து, இந்தத் தண்டில் ஏறித்தான் தோல் உரித்துப் பறக்கின்றன. காய்ந்த கூடு தண்டில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் நெல்லில் இலைச்சுருட்டு அந்துப்பூச்சியையும் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியையும் பிடித்துத் தின்பவை அவைதான். கிளைபோசேட் டப்பாவில் மருந்தோடு கலந்திருக்கும் ஒட்டுப்பொருள்கள் பலவும் தலைப்பிரட்டையைக் கொல்லும். ஏரி உங்கள் ஒருவருடையதும் அல்ல, அதில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பொது.

இதற்காக எல்லா இடத்திலும் கோரையை வளர விடச் சொல்லவில்லை. வயல் வரப்பில் அடர்ந்தால் எலி வளை போடும், இலையுறை கருகல் நோயும் அதில் தங்கும். அங்கே சுத்தமாக வையுங்கள். வாய்க்காலிலும் தண்ணீர் ஓட வேண்டும். ஆடிக்குள் நடுப்பகுதியை மட்டும் அறுத்து, இரு ஓரத்திலும் ஒரு முழம் விட்டுவிடுங்கள். நடுவில் அறுப்பதைத் தண்ணீர் நிற்கும்போது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, சேற்றை ஒட்டி அறுங்கள். வெட்டிய தண்டு ஒன்றுகூடத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. காற்றுக்குழாய் தண்ணீரில் மூழ்கிவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். மருந்து செய்யும் வேலையை அரிவாளே செய்துவிடும். மழை பிடித்த பிறகு அறுக்கும்போது கூடு கண்ணில் பட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே போங்கள்.

சரி, வயலுக்கு வருவோம். சல்லிவேர்க் கோரை என்றால் சேற்றுழவை நன்றாக ஓட்டி, நிலத்தைச் சமன் செய்து, நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவியை உருட்டுங்கள். வரிசை நடவு இல்லை, ஆளும் இல்லை என்றால் பிஸ்பைரிபேக் சோடியம் 10 சதவீதக் களைக்கொல்லியை ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி, நட்ட 15–20 நாளில், கோரை மூன்று நான்கு இலையில் இருக்கும்போது அடிக்கலாம். தண்ணீரை வடித்துவிட்டு அடித்து, இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் கட்டி ஒரு வாரம் நிறுத்துங்கள். ஒரே மருந்தைப் போகத்துக்குப் போகம் அடித்தால் அதற்குச் சாகாத கோரைதான் மிஞ்சும்.

கிழங்குக் கோரை என்றால் இந்த மருந்தை நம்பாதீர்கள். மேட்டுத் திட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், தண்ணீர் ஏறாத அந்த இடத்தில்தான் அது அதிகம் நிற்கும். அறுவடை முடிந்ததும் ஈரத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் கிழங்குச் சங்கிலி அறுந்து, தூங்கிக் கிடந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். மூன்று போகமாகக் கூடிக்கொண்டே போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சித்திரையில் கலப்பையால் ஆழ உழுது, கட்டி புரண்டபடி இரண்டு வாரம் வெயிலில் விடுங்கள். பெரும்பாலான கிழங்கு அரையடிக்குள்தான் இருக்கும், காய்ந்தால் செத்துவிடும். மேலே வந்ததைப் பொறுக்கி எடுங்கள். அப்புறம் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரப்பயிரை நெருக்கமாக விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். கோரைக்கிழங்குக்கு நிழல் ஆகாது. ஒரு கோடையில் முழுதாகப் போகாது, இரண்டு கோடை விடாமல் செய்யுங்கள்.

பசுவுக்கு ஏரிக் கோரை பஞ்சத்துத் தீவனம்தான். இளசாக இருந்தால் கடிக்கும், முற்றினால் சத்தும் இல்லை, சொரசொரப்பால் விலக்கிவிடும். தண்ணீர் ஓரத்து நத்தைகளிலிருந்து வெளிவரும், மாட்டுக்கு நோய் தரும் தட்டைப்புழுவின் குஞ்சுகள் நீர்மட்டத்தை ஒட்டிய தண்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் இதில் கவலை. மாட்டை அங்கே இறக்கி மேய்க்காமல், மேல்பாதியை மட்டும் அறுத்து நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஏற்கெனவே மேய்த்திருந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்தோ விடாமல் கழிந்தோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் சாணத்தைக் காட்டி, தட்டைப்புழுவுக்கான மருந்தைக் கேட்டு வாங்குங்கள். பசு சினையாக இருந்தால் மருந்து வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.