சத்தியகாமன் கதையை வைத்து, வேதம் படிக்கப் பிறப்பு தேவையில்லை என்று சொல்லலாமா?

கதையை மட்டும் படித்தால் சொல்லலாம். அதன் உரைகளையும் படித்தால் அவ்வளவு சுலபமில்லை.

சாந்தோக்கிய உபநிடதத்தின் 4ஆம் அத்தியாயத்தில் வருகிறான் சத்தியகாமன். கோத்திரம் என்ன என்று ஆசிரியர் கௌதமர் கேட்கிறார். "இளமையில் பல இடங்களில் வேலை செய்து திரிந்தேன், உன் கோத்திரம் தெரியாது" என்று அம்மா ஜபாலை சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறான். "பிராமணன் அல்லாதவன் இப்படிப் பேசமாட்டான், போய் விறகு எடுத்து வா" என்று அவனை மாணவனாக ஏற்கிறார் கௌதமர். இங்கேதான் சிக்கல். உண்மை பேசியதே தகுதி என்றும் படிக்கலாம். அதை வைத்துப் பிறப்பை ஊகித்தார் என்றும் படிக்கலாம். இந்த உபநிடதத்துக்கு உரை எழுதிய சங்கரர் இரண்டாவது பக்கம்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு காட்சி. வண்டிக்கு அடியில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கும் ஞானி ரைக்குவரிடம், உபதேசம் கேட்டுச் செல்வந்தன் ஜானசுருதி 600 பசுக்களோடு வந்து நிற்கிறான். "சூத்திரனே, நீயே வைத்துக்கொள்" என்கிறார். அப்புறம் 1000 பசுக்களும் தன் மகளையும் கொண்டுவர, உபதேசிக்கிறார். சூத்திரன் என்று அழைத்தும் கற்றுக்கொடுத்துவிட்டாரே! உபநிடதக் கருத்துகளைத் தொகுத்து ஆராயும் பிரம்மசூத்திரம் (1.3.34) இதற்குச் சொல்லும் சமாதானம்: அது சாதியைச் சொன்னதல்ல, 'சுக்' என்ற துக்கத்தால் ஓடிவந்தவன் என்று பொருள். எனக்கு இது வலிந்து இழுத்த சொல்விளக்கமாகவே படுகிறது.

சூத்திரருக்கு வேதவழி அடைப்பு என்கிற சங்கரர், இதிகாச புராணங்களை நான்கு வருணத்தாரும் கேட்கலாம் என்கிறார். சூத்திரப் பெண்ணுக்குப் பிறந்த மகாபாரத விதுரர் ஞானியானதையும் அவரால் மறுக்க முடியவில்லை. முற்பிறவி வாசனை, அதாவது போன பிறவியில் பெற்ற பயிற்சியின் தொடர்ச்சி என்று சொல்லிவிடுகிறார்.