மலைக்குளிர்தான் சர்வரை மெதுவாக்குகிறதா?

கேள்வி: கோத்தகிரியில் விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிகளுக்கு அனுப்புகிறேன். கணக்கு வைக்கக் கோவையில் ஒரு கடையில் ரீஃபர்பிஷ்டு சர்வர் வாங்கினேன். அவர்களே விண்டோஸ் சர்வர் போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்தே ஆமை வேகம். மூன்று கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் பில் போட்டால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. கேட்டால், "மலையில் குளிர், ஈரம், அப்படித்தான் இருக்கும், ராம் கூடப் போடுங்கள்" என்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: குளிர்மேல் பழியைப் போடுவது நல்ல சாமர்த்தியம்தான். சர்வர் அறையைக் குளிர்விக்கத்தான் ஊரெல்லாம் ஏசி போடுகிறார்கள். உங்களுக்கு அந்தச் செலவு மிச்சம். ஈரம் நாளடைவில் இணைப்புகளை அரிக்கலாம், ஆனால் முதல் நாளே வேகத்தைக் குறைக்காது.

ராமுக்குக் காசு கொடுக்கும் முன், பில் போடும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரியில் (அதுதான் ராம்) பாதி காலியாக இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்று, எழுதும் வேகம் நொடிக்கு ஓரிரு எம்பிதான் என்றால் ராம் போட்டுப் பயனில்லை. புதிதாக விண்டோஸ் போட்ட சர்வரில் அப்டேட் இறங்கும், ரெய்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இயங்க வைக்கும் முறை) இணைத்த டிஸ்க்குகள் பின்னணியில் ஒத்திசைந்துகொண்டிருக்கும். ஓரிரு நாள் அணைக்காமல் விடுங்கள். விண்டோஸின் மின்சார அமைப்பான பவர் பிளான் 'பேலன்ஸ்டு' என்றிருந்தால் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிப் பாருங்கள்.

அப்புறமும் மாறவில்லையென்றால் என் முதல் சந்தேகம், அந்த டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டின் பேட்டரிமேல்தான். எழுத வேண்டியதைக் கார்டு முதலில் தன் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கிக்கொண்டு, "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். டிஸ்க்குக்குப் பிறகு நிதானமாக அனுப்பும். இடையில் கரண்ட் போனால் அந்தத் தகவலைக் காப்பாற்றத்தான் பேட்டரி. பழைய சர்வர்களில் அது பெரும்பாலும் செத்துக் கிடக்கும். அப்போது கார்டு 'ரைட் பேக்' எனும் இந்த முறையை விட்டு 'ரைட் த்ரூ'வுக்குத் தானாகவே மாறி, ஒவ்வொரு பில்லும் டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்கும். சர்வர் ஆன் ஆகும்போது வரும் ரெய்டு மெனுவில் பேட்டரி நிலை தெரியும். பேட்டரி இல்லாமலே ரைட் பேக்கை ஓட்டும் வசதியும் பல கார்டுகளில் உண்டு. கடைக்காரர் அதைப் போட்டுவிட்டு "சரியாச்சு" என்றால் விடாதீர்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் கடைசியாகப் போட்ட எடைக் கணக்கு போய்விடும், சில நேரம் கணக்குக் கோப்பே கெட்டுவிடும்.

சரி, பணம். பேட்டரி செத்ததைச் சொல்லாமல் விற்றிருந்தால் அது குறைபாடுள்ள பொருள். ரெய்டு மெனுவைப் போட்டோ எடுத்து, பேட்டரியை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் கோவைக்கு அலைய வேண்டாம், ஊட்டி போதும். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். வியாபாரத்துக்காக வாங்கியவரை அந்தச் சட்டம் நுகர்வோராகக் கொள்ளாது. ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளப்போவது இந்த இடத்தைத்தான், எனவே இது பிழைப்புக்கான சுயதொழில் என்பதை உங்கள் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

பில்லில் சர்வரின் சீரியல் நம்பர் இருக்கிறதா? இல்லையென்றால், சண்டை முற்றுவதற்குள் எழுதி வாங்கிவிடுங்கள்.