ஐரோப்பாவில் ஒரு வட்டாரத்து உணவின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு எப்படிக் கிடைக்கிறது?

கிரேக்க நாட்டு ஃபெட்டா சீஸ் பற்றிய வழக்கைத் தெரிந்துகொண்டால் போதும், மொத்த ஏற்பாடும் புரிந்துவிடும்.

ஜெர்மனியில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் சீஸ் வரிசையில் ஒரே மாதிரி வெள்ளைக் கட்டிகள் இரண்டு வகை இருக்கும். ஒன்றில் ‘ஃபெட்டா’ என்ற பெயரும் சிவப்பு மஞ்சள் வட்ட முத்திரையும். இன்னொன்றில் ‘ஹிர்டென்கேஸே’, அதாவது ஜெர்மன் மொழியில் மேய்ப்பர் சீஸ். திருப்பிப் படித்தால் முதலாவதில் செம்மறியாட்டுப் பால், கொஞ்சம் வெள்ளாட்டுப் பால். அடுத்தது பெரும்பாலும் பசும்பால். முன்பெல்லாம் இந்தப் பசும்பால் கட்டியும் ஃபெட்டா என்றே விற்றது.

இப்படிப்பட்ட பெயர்களைக் காக்க 1992-இல் ஐரோப்பிய ஒன்றிய அளவில் ஒரு சட்டம் வந்தது. தயாரிப்பாளர்கள் குழுவாகச் சேர்ந்து எல்லை எது, என்ன பால், எப்படிச் செய்வது, மண்ணுக்கும் பொருளுக்கும் என்ன தொடர்பு என்று எழுதித் தங்கள் அரசிடம் தர வேண்டும். அரசு ஆராய்ந்து ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கு அனுப்பும். ஆணையம் அரசிதழில் வெளியிடும். மற்ற நாடுகள் மூன்று மாதத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம். ஃபெட்டாவுக்கான நிபந்தனை: குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மிச்சம் வெள்ளாட்டுப் பால், இரண்டு மாதமாவது பதப்பட வேண்டும்.

கிரேக்கத்துக்கு இது சுலபமாகக் கிடைக்கவில்லை. 1996-இல் பதிவானது. டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் வழக்குப் போட்டன. ஃபெட்டா என்பது தயிர், வெண்ணெய் போல யாரும் பயன்படுத்தும் பொதுப்பெயர் ஆகிவிட்டது என்பது அவர்கள் கட்சி. மற்ற நாடுகளின் நிலையை ஆணையம் சரியாகப் பார்க்கவில்லை என்று 1999-இல் ஐரோப்பிய நீதிமன்றம் பதிவை ரத்து செய்தது. ஆணையம் மறுபடி ஆராய்ந்து 2002-இல் திரும்பப் பதிந்தது. 2005-இல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பொதுப்பெயர் என்று வாதாடிய நாடுகளிலேயே ஃபெட்டா உறைகளில் கிரேக்கத்தை நினைவூட்டும் படங்களும் அடையாளங்களும் இருந்ததை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். வாங்குபவர் மனதில் அது கிரேக்கப் பொருள்தான் என்பதற்கு அந்த உறைகளே சாட்சி ஆயின.

பதிவான பிறகு ‘ஃபெட்டா வகை’, ‘ஃபெட்டா மாதிரி’ என்றுகூடப் போட முடியாது. இந்தப் பெயர் ஒரு கம்பெனியின் சொத்தும் அல்ல. எல்லைக்குள் இருந்து விதிப்படி செய்கிற சின்னப் பால்பண்ணைக்காரரும் உரிமையோடு போட்டுக்கொள்ளலாம். டிரேட்மார்க்கை விட இது நியாயமானது என்று நான் நினைப்பது அதனால்தான். டென்மார்க் தன் நாட்டுச் சீஸை அதே பெயரில் ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்ப விட்டதும் தவறு என்று 2022-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அமெரிக்காவில் செய்து அங்கேயே விற்பதை இந்தச் சட்டம் தொடாது. அங்கே பசும்பால் ஃபெட்டா தாராளமாகக் கிடைக்கும்.

வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். டார்ஜிலிங் தேயிலை 2011-இல் பதிவானது. இலங்கையின் ‘சிலோன் சின்னமன்’, நம் கறுவாப்பட்டை, 2022-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இவை இரண்டும் பி.ஜி.ஐ. (பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடு) என்ற நீல மஞ்சள் முத்திரைப் பிரிவு. அதில் தயாரிப்பின் ஒரு கட்டமாவது அந்த வட்டாரத்தில் நடந்தால் போதும். ஃபெட்டா இருக்கும் பி.டி.ஓ. (பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர்) என்ற சிவப்பு மஞ்சள் முத்திரைப் பிரிவில் பால் கறப்பது முதல் எல்லாமே எல்லைக்குள் நடக்க வேண்டும்.